மூன்று கேட்டுக்கு ஒரே சர்டிபிகேட்

நான் பார்க்கும் வேலையை எங்கள் தெருவில் யாருக்கும் இதுவரை உருப்படியாக விளக்க முடிந்ததில்லை. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வேலை என்றால் ஒன்று ஜெராக்ஸ் கடை, இல்லையென்றால் இ-சேவை மையம். ஒருமுறை வாய் தவறி, "சர்டிபிகேட் சம்பந்தமான வேலைங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா மகனுடைய வருமானச் சான்றிதழுக்காக ரேஷன் கார்டோடு வாசலில் வந்து நின்றார். அதோடு விளக்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

திருச்சியில் எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. அதில் மொத்தம் ஆறு பேர். ஐந்து பேர் அங்கே உட்கார்ந்திருக்க, நான் மட்டும் பெரம்பலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கணவருக்கு இங்கே வேலை, பெண்ணுக்கு இங்கே பள்ளிக்கூடம். இந்த வேலை போனால் இந்த ஊரில் எனக்கு இன்னொரு வேலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் நடந்துகொண்ட விதத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம் இதுதான்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை அரியலூர் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. லாரிகள் போய்வர அதற்கு மூன்று கேட்டு. ஒவ்வொரு கேட்டிலும் ஓர் எடைமேடை, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள். கல் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றதும் ஆள் ஒரு பொத்தானை அழுத்துவார். எடை தலைமை அலுவலகத்துச் சர்வருக்குப் போகும், சீட்டு அச்சாகி வெளியே வரும்.

இதில் ஒரு பாதுகாப்பு கேட்டிருந்தார்கள். நாம் பேங்க் தளத்துக்குள் போகும்போது தளம்தான் தன் அடையாளத்தைக் காட்டும், நம் கம்ப்யூட்டரிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. இங்கே இரண்டு பக்கமும் காட்டவேண்டும். கூண்டிலிருக்கும் கம்ப்யூட்டர் தன் அட்டையைக் காட்டாவிட்டால் சர்வர் கதவையே திறக்காது. அந்த அட்டைக்குத்தான் கிளையண்ட் சர்டிபிகேட் என்று பெயர். அதில் இரண்டு பாகம். ஒன்று, எல்லோருக்கும் காட்டுகிற சான்றிதழ். மற்றது, யாருக்கும் காட்டக் கூடாத ரகசியச் சாவி. சாவி அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே உண்டாகி அங்கேயே கிடக்கவேண்டும். விண்ணப்பம் மட்டும் தலைமை அலுவலகத்துக்குப் போகும், அவர்கள் முத்திரை வைத்துச் சான்றிதழை அனுப்புவார்கள். மென்பொருளில் இதற்கு மூன்றே வரிதான். சான்றிதழ் எங்கே, சாவி எங்கே, சர்வரின் அட்டையை யார் முத்திரையைப் பார்த்து நம்புவது, அவ்வளவுதான்.

நான் முதலில் இரண்டாம் கேட்டுக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதுதான் இருந்தது. வேறு காரணமே கிடையாது. அங்கே சாவியை உண்டாக்கி, 'கேட்டு இரண்டு' என்று பெயர் கொடுத்து, விண்ணப்பத்தை அனுப்பினேன். பத்து நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. மற்ற இரண்டு கேட்டுகளிலிருந்தும் நான் அனுப்பியிருந்த விண்ணப்பங்கள் திரும்பி வந்துவிட்டன. ஏதோ ஒரு கட்டத்தை நான் காலியாக விட்டுவிட்டேனாம். மறுபடி அனுப்பினால் மறுபடி பத்து நாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. குவாரி மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"திங்கக்கெழம மெட்ராஸ்லேர்ந்து பெரியவங்க வராங்க மேடம். மூணு கேட்டும் ஓடிக்கிட்டு இருக்கணும். என் மானத்த வாங்கிராதீங்க."

நான் செய்த காரியம் இதுதான். இரண்டாம் கேட்டின் சான்றிதழையும் சாவியையும் ஒரே கோப்பாகக் கட்டி, பென் டிரைவில் போட்டு, முதல் கேட்டிலும் மூன்றாம் கேட்டிலும் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. சர்வருக்கு என்ன தெரியும்? காட்டிய அட்டை சரியாக இருந்தது, கதவைத் திறந்துவிட்டது. மூன்று மேடையிலும் சீட்டு அச்சானது. மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. பத்து நாள் கழித்து வந்து ஒழுங்காக மாற்றிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குள் வேறு ஊரில் வேறு வேலை வந்துவிட்டது.

போதாக்குறைக்கு, திங்கட்கிழமை அந்தப் பெரியவர்கள் முன்னால் நின்று வீராப்பாக ஒரு விளக்கம் வேறு கொடுத்தேன். "உள்ளே இருக்கற சாவி அந்தக் கம்ப்யூட்டர விட்டு வெளியே வராதுங்க சார். கேட்டு ரெண்டுன்னு சர்வர் சொன்னா, அது கேட்டு ரெண்டுதான். யாரும் ஏமாத்த முடியாது." என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நாள் அது.

ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. தலைமை அலுவலகத்தில் லாரி நம்பரையும் எடையையும் நேரத்தையும்தான் பார்ப்பார்கள். எந்தச் சான்றிதழோடு வந்தது என்பது சர்வரின் பதிவேட்டில் ஒரு மூலையில் கிடக்கும். அதை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நானும் மறந்தே போய்விட்டேன்.

அப்புறம் ஒருநாள் மேலாளர் போன் செய்தார். மேடையில் ஏறாத லாரிக்கு நாலு சீட்டு போடப்பட்டிருக்கிறது. எங்கள் மென்பொருளில் எடையைக் கையால் தட்டுவதற்கு ஒரு வழி வைத்திருந்தோம், மேடை பழுதானால் உதவும் என்று. யாரோ அந்த வழியில் தட்டியிருக்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார்கள். நாலு வரியிலும் 'கேட்டு இரண்டு' என்று இருந்திருக்கிறது. "கெளம்பி வாங்க மேடம், உங்க கையெழுத்து வேணும்" என்றார்.

மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது இரண்டாம் கேட்டுக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியிருக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். முதல் நாள் நான் போனபோது, கூண்டில் இருந்த ஒரே மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க நின்றவர். குவாரி வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் அவர்கள் வீட்டுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. அது இப்போது அந்தப் பெரிய குழிக்குள் போய்விட்டது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. அப்படி வந்ததுதான் அவருடைய நாற்காலி. அந்த வேலை போனால் நிலமும் இல்லை, வேலையும் இல்லை.

"நான் பண்ணல மேடம்" என்றார் என்னைப் பார்த்ததும். "அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். லாரியே வரலைங்க."

"லாரி வரலங்கறதுதான்யா பிரச்சனையே" என்றார் மேலாளர். "வராத லாரிக்குச் சீட்டு போட்டது யாரு?" பிறகு என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். "நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் மேடம், எழுதிக் குடுத்துருங்க போதும். இந்தச் சர்டிபிகேட்டு ரெண்டாம் கேட்டு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும், வேற எங்கயும் இருக்க வாய்ப்பே இல்லன்னு."

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்கவேண்டும். 'சார், அது மூன்று கேட்டிலும் இருக்கிறது, நான்தான் வைத்தேன்.' எவ்வளவு சின்ன வாக்கியம்! அதை மென்று முழுங்கிவிட்டு, "செக் பண்ணிட்டுத் தரேன் சார்" என்றேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது இரண்டாம் கேட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா?"

"பாக்கறேங்கண்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு நாளின் பதிவேடு முழுவதையும் இறக்கிப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை 'கேட்டு இரண்டு', 'கேட்டு இரண்டு', 'கேட்டு இரண்டு'. மூன்று கேட்டிலும் சேர்ந்து வந்த அத்தனை லாரிக்கும் ஒரே பெயர். தலைமை அலுவலகத்துக்காரர்கள் நாலு வரியை மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஒரே நிமிடத்தில் மூன்று லாரியை ஒரு மேடை எப்படி எடை போடும் என்று கேட்டிருப்பார்கள். பார்க்கவில்லை, யாரும் ஏமாற்ற முடியாது என்று நான்தான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே.

வேறு எந்த வழியிலாவது எந்தக் கேட்டு என்று கண்டுபிடிக்க முடியுமா என்று குடைந்தேன். மூன்று கூண்டின் இணைப்பும் ஒரே டவர் வழியாக ஒரே இணைய முகவரியில்தான் வெளியே போகிறது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தால் சுவரில் எழுதி ஒட்டிவிடுவார்கள், அதனால் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். சத்தமில்லாமல் மூன்று புதுச் சான்றிதழ் வாங்கி மாற்றிவிடலாமா என்றால், இப்போது ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். மற்ற இரண்டு கேட்டிலிருந்தும் கோப்பை அழித்தால் அந்த நொடியே லாரிகள் நின்றுவிடும். ஒவ்வொரு கதவையும் நானே போய் நானே பூட்டி வைத்திருந்தேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில், சோறு கேட்ட பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

திருச்சி முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாருக்காவது தெரியுமா?"

"எனக்கும் உங்களுக்கும்தான் சார்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். எழுதியும் குடுக்காதீங்க, வாயையும் தொறக்காதீங்க. இது வெளிய வந்துச்சுன்னா அந்த வேலை போகும், அதோட உங்க வேலையும் போகும். ஆறு குடும்பம்மா."

எழுதிக் கொடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். மேலாளர் கேட்டால், "இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன் சார்." இரண்டாம் கேட்டுக்காரர் ஒருமுறை போன் செய்தார். தன்னைக் கூண்டுப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், தினமும் ஆபீஸ் வாசலில் உட்கார வைக்கிறார்கள் என்றும் சொன்னார். "பாத்தீங்களா மேடம்?" என்றார். "பாக்கறேங்கண்ணே." இரண்டாவது முறை அவர் எண் திரையில் வந்தபோது, போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அது அடித்து ஓய்ந்தபிறகுதான் வெளியே வந்தேன்.

நான் யோக்கியமானவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் மறந்தால் கூப்பிட்டு டிக்கெட் வாங்குகிற ஆள். அந்த மூன்று வாரத்தில் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், போனால் போகட்டும் வேலை என்று முடிவு செய்தேன். அந்த ஒரு நாளின் பதிவேட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன், பன்னிரண்டு பக்கம். புது பஸ்ஸ்டாண்டில் அரியலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மக்காச்சோளம் கதிர் வைத்து நின்றது. சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்துகொண்டிருந்தன. சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேலாளர் சிரித்த முகமாக இருந்தார். "வாங்க மேடம், உக்காருங்க. உங்க கடுதாசிக்கு இனிமே வேலையில்ல. அவரே ஒத்துக்கிட்டாரு."

மேசையில் ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. நான்தான் அந்த நாலு சீட்டையும் போட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும். கீழே கோணல்மாணலாகக் கையெழுத்து.

"போலீசு கேசுன்னு போனா நமக்கும் ஊருக்கும் வம்பு" என்றார் மேலாளர். "மறுத்துக்கிட்டே இருந்தீன்னா நிலத்துக்குக் குடுத்த வேலையே போயிரும், ஒத்துக்கிட்டீன்னா அது உன் வூட்டுலயே இருக்கும்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். அவரு சம்சாரம் பிளஸ் டூ படிச்சிருக்கு. ரெண்டாம் கேட்டுல அதுதான் இனிமே." பிறகு சாதாரணமாக, "தலைமை ஆபீஸ்ல எல்லாச் சர்டிபிகேட்டையும் புதுசா மாத்தச் சொல்லிட்டாங்க. மூணு கேட்டுக்கும் தனித்தனியா மூணு. எவ்ளோ நாளாகும்?" என்றார்.

மூன்று வாரமாக நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த காரியத்தை அவரே கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். பைக்குள் பன்னிரண்டு பக்கமும் இருந்தன. கையை உள்ளே விட்டுத் தாளைத் தொட்டேன். முதலில் இரண்டாம் கேட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று தோன்றியது. அது நியாயமா, இல்லை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப் போடுகிற சாக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர் வீடு குவாரிச் சாலையில் இருந்து நடக்கும் தூரம். மனைவி புது வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்காக டவுனுக்குப் போயிருந்தார். இவர் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பென் டிரைவ், சனிக்கிழமை, மூன்று கேட்டிலும் ஒரே சாவி, அந்த நாலு சீட்டும் எந்தக் கூண்டிலிருந்தும் வந்திருக்கலாம் என்பது, எல்லாமே. அவர் உரிப்பதை நிறுத்தினார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியுங்கண்ணே."

"நான் உங்ககிட்ட கேட்டேனே. வாசல்ல வெச்சுக் கேட்டேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பவே போயி சொல்லிடறேங்கண்ணே. பேப்பர் எல்லாம் கையில இருக்கு."

"ஐயோ, வேணாம்" என்று எழுந்துவிட்டார். மொச்சை கீழே கொட்டியது. "உங்களுக்குப் புண்ணியமாப் போவும், சும்மா இருங்க. நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆனா, அதை வெச்சுக் குடுத்த வேலையும் போயிரும். அப்புறம் மூணு கேட்டுக்காரனையும் வெளிய உக்கார வெச்சு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. எவனோ ஒருத்தன் செஞ்சான். அவன் ஒத்துக்க மாட்டான். நான் திரும்ப வாசல்ல உக்காரணும். என்னால முடியாது மேடம்."

"உங்க பேரு கெட்டுப் போச்சேண்ணே."

"பேரு போனாப் போவுது. நாற்காலி எங்க வூட்டுல இருக்கு." பிறகு சொன்னார், "எங்க வூட்டுக்காரிகிட்டயும் மூச்சு வுட்ராதீங்க. அவகிட்ட நான்தான் செஞ்சேன்னு சொல்லியிருக்கேன். இல்லன்னு தெரிஞ்சா நேரா ஆபீஸுக்குப் போயி சண்டை போட்டுருவா. அவ அப்படிப்பட்டவ."

குனிந்து மொச்சையைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். போய்வருகிறேன் என்று சொன்னதற்கு அவர் தலையை மட்டும் அசைத்தார்.

ஒரு மாதம் கழித்து மூன்று புதுச் சான்றிதழும் வந்தன. இந்த முறை ஒவ்வொரு கேட்டாக, ஒவ்வொரு நாளாகப் போனேன். சாவி அந்தந்தக் கூண்டிலேயே உண்டானது. வெளியே எடுக்க முடியாதபடி பூட்டினேன். பழைய சான்றிதழைச் செல்லாது என்று அறிவித்தோம். எல்லாம் ஆரம்பத்திலேயே செய்திருக்கவேண்டிய வேலை, மொத்தமே மூன்று நாள்தான் ஆனது.

கடைசியாக இரண்டாம் கேட்டுக்குப் போனேன். கூண்டில் அவர் மனைவி இருந்தார். புதுச் சீருடைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார். வேலையைப் பதினைந்தே நாளில் பழகிவிட்டதாக மேலாளர் சொல்லியிருந்தார், அது உண்மைதான். நான் தட்டிக்கொண்டிருந்ததை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதாங்க்கா அந்தச் சர்டிபிகேட்டா?"

"ஆமாம்மா."

"யாரு தப்பு பண்ணாலும் காட்டிக் குடுத்துரும்னாங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இணைப்பு கிடைத்துவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. இனி நான் அங்கே உட்கார்ந்திருக்க அவசியமில்லை, ஆனாலும் எழ முடியவில்லை.

"எங்க ஆளு கூட பதினாறு வருஷம் குடும்பம் நடத்திட்டேங்க்கா" என்றார் அவர். "ஒரு நாளு ஒரு பொருளு அடுத்தவங்களதுன்னு தொட்டதில்லன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப அவரு மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்த பேசப் புடிக்கல. சோத்த வெச்சுட்டு வந்துடறேன். நீங்க மட்டும் இதை இவ்ளோ ஒழுங்கா செஞ்சு வெக்கலன்னா, கடைசி வரைக்கும் அந்த ஆளு யாருன்னே தெரியாம இருந்திருப்பேங்க்கா. உங்களுக்கு ரொம்ப நன்றி."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெளியே லாரி ஒன்று மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. நான் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.